கிராணி எழுதிய தேதி

தங்காக் துணிக்கடைகளைத் தாண்டி செகாமாட் சாலையில் நான் நடக்கத் தொடங்கியபோது மாலை ஆறு மணி இருக்கும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, சவரச் சாமான். இடப்பக்கம் லேடாங் மலை தலையில் மேகத்தோடு நின்றது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் கார் வாடகைக் கடையின் சாவியை முகப்பு மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்திருந்தேன்.

வேலை போவது எனக்குப் புதிதில்லை. ஆயர் ஈத்தாம் மண்பாண்டக் கடையில் ஜாடி சுமந்திருக்கிறேன். யோங் பெங்கில் செம்பனை லாரியில் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றியிருக்கிறேன். சிங்கப்பூரில் கட்டடம் கட்டியிருக்கிறேன். எதை விட்டுப் போனபோதும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று மட்டும் எதிரே வெள்ளைக் கார் வந்தால் நின்று பார்த்தேன். நான் எதிர்பார்த்த கார் மறுநாள் காலையில்தான் வரும் என்று தெரிந்தும் நின்றேன்.

கார் வாடகை முகப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். பிற்பாடு ஜொகூர் பாருவில் இதே தொழிலுக்குத் திரும்பிப் பல வருடம் இருந்து, போன வருடம்தான் ஓய்ந்தேன். இன்று வாடிக்கையாளரின் லைசன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று அவருடைய கைப்பேசியிலேயே நீங்கள் பார்த்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் மட்டும் ஏற்காதீர்கள், உங்கள் எதிரிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். எங்களுக்குக் கையில் அட்டை, முகத்தில் கண், அவ்வளவுதான் இருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எண்களில் மட்டும் என்னை ஏமாற்ற முடியாது என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

தங்காக்கில் சேர்ந்த இரண்டாவது வாரம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வந்தார். லைசன்ஸில் இருந்த முகமும் எதிரே இருந்த முகமும் ஒன்றுதான். சாவியைக் கொடுத்தேன். பின்னால் போகவேண்டிய கார் முன்னால் பாய்ந்து, முதலாளி ஆயர் ஈத்தாமிலிருந்து ஆசையாக வாங்கி வாசலில் வைத்திருந்த பெரிய ஜாடியை உடைத்தது. அட்டையை மறுபடி வாங்கிப் பார்த்தேன். கிளாஸ் என்று போட்ட இடத்தில் மோட்டார் சைக்கிள் மட்டும் இருந்தது. முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஜாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"மூஞ்சியக் கடைசியா பாருங்கண்ணே. மொதல்ல கிளாஸ், அப்புறம் தேதி, அப்புறம் பேரு. மூஞ்சி எல்லாருந்தான் கொண்டு வருவாங்க."

அதற்குப் பிறகு நான் அந்த வரிசையை மாற்றியதில்லை.

வேலை போன அந்த நாள் வெள்ளிக்கிழமை. அப்போதெல்லாம் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. அலுவலகங்களும் அஞ்சலகமான போஸ் ஆபிஸும் பூட்டியிருக்கும். எங்கள் கடை மட்டும் திறந்திருந்தது. முதலாளி மூவாருக்குப் போயிருந்தார். ஒன்பதரை மணிக்கு ஒரு மனிதர் உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியவர். அன்று காலையில் தங்காக்கில் வாங்கிய சட்டை. அட்டைப் பெட்டியில் இருந்த மடிப்பு அப்படியே தெரிந்தது. தாடையில் சவரக் கத்தி பட்ட கீறல். பெயர் மணியம். மாசாயிலிருந்து பஸ்ஸில் வந்து, செகாமாட் சாலை பிரிகிற ஊர் என்று இங்கே இறங்கியிருந்தார்.

"ஒரு நாளைக்கு ஒரு கார் வேணும்ணே. சின்னது போதும்."

"எங்க போறீங்க?"

"செகாமாட். என் வீட்டுக்காரியக் கூட்டிட்டு வரணும். அஞ்சு மணிக்குள்ள போயிடணும்."

லைசன்ஸை வாங்கினேன். கிளாஸ் சரி. தேதியைப் பார்த்தேன். முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"அண்ணே, லைசன் செத்துப்போச்சு."

"எப்படிச் சாகும்? பொறந்தநாளுக்குத்தானே முடியும். எனக்குத் தீபாவளி கழிச்சுத்தான் பொறந்தநாள். இன்னும் ஏழு மாசம் இருக்கு லா."

"ஐசில போட்டிருக்கிற பொறந்தநாள் அன்னைக்கு முடியும்ணே."

"அது கிராணி போட்ட தேதி. அது என் பொறந்தநாள் இல்ல." சொல்லிவிட்டு அட்டையை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார். கை மெல்லக் கீழே இறங்கியது. "அலமாக்," என்றார் சன்னமாக.

கிராணி என்ற சொல்லைக் கேட்டதும் நான் அவருடைய ஐசியை, அடையாள அட்டையை, வாங்கிப் பார்த்தேன். ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கமும் பிறந்த வருடம், மாதம், நாள். அந்த ஆறும் என் ஐசியில் இருக்கும் அதே ஆறு. அடுத்த இரண்டு இலக்கம் பிறந்த மாநிலம். அதுவும் அதே.

இது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் எங்கள் ரப்பர்த் தோட்டத்து வழக்கம் தெரிய வேண்டும். தோட்டத்து ஆபிஸில் கணக்கு எழுதுகிறவர் கிராணி. லயத்து வரிசை வீடுகளில் குழந்தை பிறந்தால் அவர்தான் டவுனுக்குப் போய்ப் பதிய வேண்டும். ஒரு குழந்தைக்காக அவர் போக மாட்டார். ஏழெட்டுச் சேரட்டும் என்று காத்திருப்பார். எங்கள் முறை வந்தபோது பதினொரு குழந்தை சேர்ந்திருந்தது. அவர் டவுனுக்குப் போன நாளையே பதினொரு பேருக்கும் பிறந்தநாளாக எழுதிவிட்டார். சிலர் தவழத் தொடங்கியிருந்தார்களாம். சின்ன வயதில் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் உண்மையான நாளைச் சொல்ல அம்மா இருந்தாள். என் அம்மா எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது போய்விட்டாள். அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் படுத்து எழுந்திருக்கிறேன், ஏதாவது ஒரு நாளில் 'இதுவாக இருக்குமோ' என்று நினைப்பேன்.

முகப்புக்கு அந்தப் பக்கம் மணியம் காத்திருந்தார். ஐசியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"டாக்சியில போகலாமேண்ணே," என்றேன். "இல்லாட்டி சாயங்காலம் வரைக்கும் நானே உங்கள ஏத்திட்டுப் போறேன்."

அவர் தலையை ஆட்டினார். "ஆகாதுண்ணே. ரெண்டு வருஷமா அவ அண்ணன் வீட்ல இருக்கா. நான் குடிச்சே காரை வித்தவன். இப்ப விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நேத்து அவளே போன் அடிச்சா. 'யாரு வண்டியா இருந்தாலும் பரவால்ல, நீ ஓட்டிட்டு வா. ஸ்டியரிங்ல உன் கை நடுங்குதா இல்லையான்னு நான் பாக்கணும்'னா. அஞ்சு மணிக்கு அவ அண்ணன் வேலை முடிஞ்சு வந்துருவான். அவன் வந்துட்டா அவளை வெளிய விட மாட்டான். இன்னைக்கு நான் போகலைன்னா இனிமே கூப்பிட மாட்டா. எனக்குத் தெரியும்."

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு முன்னால் இரண்டு வழி தெரியும். திருப்பி அனுப்பலாம், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் கொடுக்கலாம். பல கடைகளில் அப்படித்தான் நடந்தது, ஒன்பது நாள்தானே என்பார்கள். வழியில் சாகில் ஊர்ப் பக்கத்தில் ஒரு செம்பனை லாரி திடீரென்று திரும்பினால் போதும். செத்த லைசன்ஸுக்கு இன்சூரன்ஸ் வராது. மனைவியை அழைத்து வரப்போன மனிதர் ஆயுளுக்கும் கடன்காரராகிவிடுவார்.

மூன்றாவது வழி ஊர் அமைந்த இடத்தில் இருந்தது. தங்காக்கிலிருந்து அரை மணி நேரம் ஓட்டினால் மலாக்கா மாநிலம், ஜாசின் டவுன். அங்கே வெள்ளிக்கிழமை வேலைநாள். அங்கே உள்ள போஸ் ஆபிஸில் லைசன்ஸைப் புதுப்பிக்கலாம். ஆனால் தொழுகைக்காக நண்பகலில் முகப்பை மூடுவார்கள். மறுபடி திறந்து, வேலை முடிந்து அங்கிருந்து கிளம்பினால் ஐந்து மணிக்குள் செகாமாட் போவது நடக்காது.

முதலாளிக்கு இரண்டு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. கடையைப் பூட்டி, 'இதோ வருகிறேன்' என்று அட்டை மாட்டினேன். கடையின் வெள்ளைக் காரில் அவரை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு இலக்கம் இல்லாவிட்டால் நான் கடையைப் பூட்டியிருக்க மாட்டேன். வேறு யாராக இருந்தாலும் வழியை மட்டும் சொல்லி அனுப்பியிருப்பேன். உதவி என்று நான் நினைத்ததில் பாதிக்கு மேல் என் சொந்தக் காரியம். முகப்பில் நிற்கும்போது உங்கள் மனம் ஒருவர் பக்கம் ஓடினால், ஏன் ஓடுகிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

வழியில் என் ஐசியை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஐசி படி பாத்தா நாம ரெட்டைப் பிள்ளைங்கண்ணே."

"பதினோரு பிள்ளைங்க," என்றேன்.

"எந்த லயம் நீங்க?"

"நடு லயம். அம்மா செத்தப்புறம் அப்பா என்னைய லாரில ஏத்திட்டுப் போயிட்டாரு. அப்புறம் அந்தப் பக்கம் போகல."

"அம்மா பேரு?"

"மாரியாயி."

அவர் யோசித்தார். நினைவில்லை என்று முகம் சொன்னது. "எங்கம்மாவுக்குத் தெரியும்ணே. யாரு பிள்ளை எப்பப் பொறந்துச்சுன்னு வரிசையாச் சொல்லுவாங்க. தீபாவளிக்கு மறுநாள் நான்னு அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்ப மாசாயில எங்கூடத்தான் இருக்காங்க. காதுதான் கேக்காது. ராத்திரி என் பொண்ணுக்குப் போன் அடிச்சு, காதுல கத்திக் கேக்கச் சொல்றேன். நாளைக்கு வண்டியைக் கொண்டாரும்போது உங்களுக்குச் சொல்லிடுறேன்."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

ஜாசின் போஸ் ஆபிஸில் எங்களுக்கு முன்னால் பத்துப் பேர். மணியம் புதுச் சட்டையின் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் பழைய லைசன்ஸை வாங்கி, முடிந்த தேதியை வாய்விட்டுப் படித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆறு இலக்கத்தைக் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எனக்கு என் தாயை நினைவுபடுத்தியது. என் லைசன்ஸை நினைவுபடுத்தவில்லை. பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அவருக்குச் செத்த அன்றே எனக்கும் செத்திருந்தது. அந்தத் தேதியை ஒருநாளும் பிறந்தநாளாக நான் எண்ணியதில்லை. அதனால் அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அன்றாடம் பத்துப் பேரின் தேதியைப் பார்க்கிறவன், கடையின் காரைச் செத்த லைசன்ஸோடு அரை மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறேன்.

என் அட்டையையும் ஐசியையும் மணியத்தின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பெண் இரண்டையும் பார்த்தாள். "கெம்பார்கா?" என்று கேட்டாள், இரட்டையரா என்று. மணியம் ஆமாம் என்று தலையாட்டினார். என்னிடம் எண் சீட்டு இல்லை. பக்கத்து முகப்புகளை மூடத் தொடங்கியிருந்தார்கள். அவள் என்னுடையதையும் சேர்த்து முடித்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது மணியம் ஓட்டினார். நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நடுங்கவில்லை. கடையில் கையெழுத்து வாங்கி ஒரு மணி சுமாருக்கு அனுப்பினேன். செகாமாட்டுக்கு அந்தப் பக்கம் மனைவியின் சின்னம்மா வீட்டில் இரவு தங்கிவிட்டு, காலை பத்து மணிக்குள் வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் ஒரு நோட்டு இருந்தது. எந்தக் கார் வெளியே போனாலும் யார் ஓட்டினார், அவருடைய லைசன்ஸ் எதுவரை என்று அதில் எழுத வேண்டும். ஜாசின் போன வரிக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்தேன். புதிய தேதியை எழுதினால் யாருக்கும் தெரியாது. காலையில் ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே ஒன்பது நாள் செத்தது செத்ததுதான் என்று சொன்னவன் நான். போகும்போது ஓட்டியது நான், என் லைசன்ஸ் முடிந்திருந்தது, நண்பகலில் புதுப்பித்தேன் என்று எழுத்துக் கூட்டி எழுதினேன்.

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். கடை மூடியிருந்ததைப் பற்றிக் கேட்டார், நடந்ததைச் சொன்னேன். பிறகு நோட்டைப் படித்தார்.

"போகும்போது நீங்கதான் ஓட்டினீங்களாண்ணே?"

"ஆமா பாஸ்."

"செத்த லைசனோட."

"ஆமா."

"ஏன் எழுதினீங்க? எழுதலைன்னா எனக்குத் தெரியப் போறதில்ல."

"அதான் எழுதினேன்."

அவர் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "இது இன்சூரன்ஸ்காரன் பாக்குற நோட்டு. எழுதினப்புறம் நான் பாக்காத மாதிரி இருக்க முடியாது. நாளைக்கு வராதீங்கண்ணே."

நான் ஒன்றுதான் கேட்டேன். நாளை காலையில் அந்த மனிதர் எனக்கு ஒரு சேதி கொண்டுவருவார், அதுவரை வாசலில் நிற்கலாமா என்றேன்.

"நிக்காதீங்க. உங்களப் பாத்தா உள்ள கூப்பிட்டுருவேன்," என்றார்.

அவர் நல்ல மனிதர். சேதியைக் கேட்டு வைக்கச் சொல்லியிருந்தால் வைத்திருப்பார். எனக்கென்று கைப்பேசியும் அப்போது இல்லை. ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாக யாரிடமும் கேட்க முடியாத ஒன்றை இன்னொருவர் வாய்மாற்றிச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் செகாமாட் சாலையில் நடந்தேன். அந்தக் கார் வேறு வழியாகத் திரும்ப முடியாது.

இரவு சாலையோரக் கோயில் மண்டபத்தில் படுத்தேன். காலை எட்டு மணிக்கு, ஊர் எல்லையில் கார் கழுவும் கடை ஒன்று திறந்தது. கடைக்காரர் தோட்டத்தில் வளர்ந்த சீனர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

"ஆள் வேணுமா தவுக்கே?"

"கழுவத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை நாள் இருப்ப?"

"பத்து மணி வரைக்கும் நிச்சயமா இருப்பேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குழாயை என் கையில் கொடுத்தார்.

ஒன்பதரைக்கு வெள்ளைக் கார் வந்தது. குழாயைப் போட்டுவிட்டுச் சாலைக்கு ஓடிக் கையைக் காட்டினேன். மணியம் ஓரங்கட்டினார். முன் இருக்கையில் மடியில் ரைஸ் குக்கரை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பின்னால் துணி மூட்டைகள்.

"அண்ணே, இங்க என்ன செய்றீங்க?"

"வேலை," என்றேன். பிறகு அந்த அம்மாவிடம், "கை நடுங்குச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஸ்டியரிங்ல நடுங்கல," என்றார். "என் பையைத் தூக்கும்போதுதான் நடுங்குச்சு."

மணியம் காரை விட்டு இறங்கி வந்தார். "அம்மாகிட்ட கேட்டாச்சு. தேதி அவங்களுக்கு ஞாபகம் இல்ல. ஆனா எனக்கு அப்புறந்தான் நீங்களாம். அப்ப நீ எனக்குத் தம்பி."

"சரிண்ணே," என்றேன்.

"அன்னைக்கு விடியக்காலையில ஊத்து ஊத்துன்னு மழையாம். பெரட்டுக்கு நின்னவங்களக் கூட வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்களாம். பால் வெட்ட ஒருத்தரும் போகல. 'என் பையன் தோட்டத்துக்கே லீவு வுட்டுட்டுப் பொறந்தான்'னு உங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பாங்களாம்."

என் அம்மாவின் இருமல் எனக்கு நினைவிருக்கிறது. இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும்போது அவள் தலையில் கட்டும் துணி நினைவிருக்கிறது. அவள் சிரித்தது நினைவில் இல்லை. யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

வாடகைக் கார் சுத்தமாகத் திரும்ப வேண்டும். அவர்களை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு அந்தக் காரை நானே கழுவினேன். சக்கரத்து இடுக்கில் ஒட்டியிருந்த செம்மண்ணையும் விரலால் எடுத்தேன். அவர்கள் போனபோது பத்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

பத்து அடித்த பிறகும் நான் குழாயைக் கீழே வைக்காததைப் பார்த்து, பெயர் எழுதிக்கொள்ள தவுக்கே என் ஐசியைக் கேட்டார். வாங்கிப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"என்னய்யா, பத்து நாளைக்கு முன்னதான் உனக்குப் பொறந்தநாள் போயிருக்கு."

"இல்ல தவுக்கே," என்றேன். "அன்னைக்கு மழை பெய்யல."